முட்டியில் இருந்த மழை

வெங்கலப்பாறையில் மழை வானத்திலிருந்து வந்ததில்லை, பொம்பளைகளின் முட்டியிலிருந்துதான் வந்தது. இதை வெளியூர்க்காரர்கள் நம்ப வேண்டுமென்று நாங்கள் கேட்டதுமில்லை, கொடைக்கானலுக்கு மேலே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, அதற்கு மேலும் நடந்து வந்தால்தான் ஊர், அதனால் எங்களுக்குள்ளே நாங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். என் மாமியார் மாயக்காவுக்கு வலது முட்டி குடைந்தால் ஐப்பசி மழை, இடது முட்டி குடைந்தால் ஆடிச் சாரல், பக்கத்து வீட்டுச் செவனம்மா பெரியம்மாவுக்கு இடுப்பு பிடித்தால் ஆலங்கட்டி, ஊர்த்தலைவர் குருவப்பா மாமா வீட்டு அத்தைக்குக் கணுக்கால் வீங்கினால் காற்றோடு வருகிற மழை என்று ஒவ்வொரு மழைக்கும் ஒரு எலும்பு இருந்தது. உருளை நடுவதற்கு முன்னால் ஆம்பளைகள் எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே வந்து நின்று, "மாயக்கா, முட்டி என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். "இன்னைக்கு ஊமையா இருக்கு, நாளைக்கு வாங்க" என்று அத்தை உள்ளேயிருந்தே பதில் சொல்வார்.

உள்ளேயிருந்தே சொல்வார், ஏனென்றால் வெளியே வர முடியாது. பூண்டுக் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஐந்து வருஷம், நான் கல்யாணமாகி வந்து நாலு வருஷம், ஆகவே அத்தை நடந்து நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் பதினோரு கல்படி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அத்தை முதலில் தெருவில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார், இல்லையென்றால் உட்கார்ந்தபடியே, குழந்தைப்பிள்ளை இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவார். யாராவது வந்துவிட்டால் அந்தப் படியிலேயே நகராமல், காற்று வாங்க உட்கார்ந்தவர் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பேன்.

போன வருஷம் வைகாசியில் பிளம்ஸ் பழம் மரத்துக்கு மரம் சிவந்து தொங்கிய நேரம் பார்த்து ரோட்டில் மண் சரிந்து ஒன்பது நாள் பழம் ஏற்ற ஜீப் வரவில்லை. பறித்த பழமெல்லாம் பெட்டியிலேயே கனிந்து ஒழுக, ஊரில் எல்லாரும் பள்ளத்தில் கொட்டினார்கள். எனக்குக் கொட்ட மனசு வரவில்லை, கொட்ட வேண்டாமென்று சொல்ல வாயும் வரவில்லை, அதனால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பழத்தைப் பிளந்து, கொட்டையை எடுத்து, பழைய சேலையில் பரப்பிப் பாறையில் காயவைத்தேன். வெயில் போனால் அடுப்புக்கு மேலே தட்டியில் வைத்தேன். அத்தை உள்ளேயிருந்து, "வளரு, இடது முட்டி குடையுது, எடுத்துரு" என்பார், எடுப்பேன். "விட்டுருச்சு, போடு" என்பார், போடுவேன். அப்படி அந்த முட்டி காவல் இருந்து காய்ந்த பழம் அது. பத்து நாளில் கறுத்துச் சுருங்கி, கையில் ஒட்டாமல், மடக்கினால் உடையாமல் வளைகிற பதத்துக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் வேலப்பன் பார்த்துவிட்டு, "ஆட்டுப்புழுக்கையையா காயப்போட்டிருக்க?" என்று கேட்டார். பழத்தைக் காயவைத்துத் தின்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. காய்ந்தது எதுவானாலும் எங்களுக்கு வத்தல், வத்தல் என்றால் குழம்பு. செவனம்மா பெரியம்மா ஒரு கை அள்ளிக்கொண்டுபோய்ப் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, மறுநாள் வந்து, "என்னடி இது, குழம்புக்குள்ள கல்யாண வீட்டுப் பாயசம் ஒளிஞ்சிருக்கு" என்று சொல்லி இன்னொரு கை அள்ளிக்கொண்டு போனார்.

மாசம் ஒருமுறை வருகிற நர்ஸம்மாதான் ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, "டவுன்ல இத டப்பாவுல அடைச்சு வச்சிருக்காங்க, நீங்க குழம்பு வைக்கிறீங்க. தீட்டு நின்ன பொறவு பொம்பளைங்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளயே லேசாகிட்டு வரும். தினம் அஞ்சாறு பழம் மென்னு தின்னுங்க. கேழ்வரகு, கீரை, முடிஞ்ச அளவு நடை, குடுத்த மாத்திரை, எல்லாம் கூடவே இருக்கணும். சக்கரை இருக்கிறவங்க மட்டும் என்கிட்டக் கேட்டுட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் தினமும் காலையில் அத்தையோடு சேர்த்து ஐம்பது தாண்டிய பொம்பளைகள் பத்துப் பேர் எங்கள் படியில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஆறு வத்தலை வாங்கி, வெற்றிலை போடுகிற மாதிரி ஒரு பக்கமாக அடக்கி மெல்லத் தொடங்கினார்கள். முதல் வாரம் பத்துப் பேரும் மாற்றி மாற்றிக் கக்கூசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், "எலும்புக்குன்னு சொல்லிட்டு இந்தப் புள்ள வயித்தக் கழுவுதே" என்று என்னைத் திட்டினார்கள், இரண்டாவது வாரம் திட்டு நின்றது, அடுத்த மாசம் செவனம்மா பெரியம்மா இடுப்பில் கை வைக்காமல் எழுந்தார், எழுந்ததை அவரே கவனிக்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் என் மகள் தாரணி, ஒன்றரை வயசு, கோழிக்குப் பின்னால் படியில் இறங்கிவிட்டாள். நான் கையில் மாவோடு கத்துவதற்குள் என்னை உரசிக்கொண்டு யாரோ ஓடினார்கள். பதினோரு படியையும் இறங்கி, தெருவின் நடுவில், பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அத்தை நின்றார். தெருவில் ஆள் இருந்தது. டீக்கடை பொன்னம்பலம் அண்ணன் தூக்கின கிளாஸைக் கீழே வைக்காமல் பார்த்தார். அத்தை பிள்ளையிடம், "கோழி எங்கடி போச்சு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே தெருவின் அந்தக் கோடிவரை நடந்துபோய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். கோழி அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஊருக்கே திருவிழா மாதிரி இருந்தது. பத்துப் பேரும் விறகுக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், கீழூர்க் கல்யாணத்தில் போய் விடிய ஆரம்பித்துப் பொழுது சாய்கிறவரை கும்மி அடித்தார்கள். அத்தை நடந்தால் பலகைத் தரை அதிர்ந்து அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின. பார்க்க அதே ஒல்லி உடம்பு, உள்ளே எலும்பு மட்டும் தேக்காக இறுகியிருந்தது. முட்டி எதுவும் சொல்லவில்லை என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி வந்தது, மேகம் வந்தது, மழை வரவில்லை. முதல் மேகம் பஸ் திரும்புகிற இடத்தில் வந்து நின்றது. இரண்டாவது ரேஷன் கடை வாசலில் நின்றது. பிறகு வரிசையாக இறங்கி, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல, உட்காரவா போகவா என்று தெரியாமல் தெருத்தெருவாக நின்றன. மழையாக இறங்க அவற்றுக்கு வழி தெரியவில்லை. வழக்கமான முட்டிகளைத் தேடி வந்து பார்த்து, அங்கே வலி இல்லாததால் வாசலிலேயே காத்திருந்தன.

ஊர் அதற்குப் பழகியது. பிள்ளைகளின் காலில் கொலுசு கட்டி, சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். கட்டிலில் உட்காரும் முன் கையால் தடவி மேகத்தை ஒதுக்கினோம். துவைத்த துணியை இடுப்பில் சுற்றி உடம்புச் சூட்டில் காயவைத்தோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கடைசி பெஞ்சில் இருந்த மேகத்தை மூன்று நாள் வராத பையன் என்று நினைத்து வாய்ப்பாடு கேட்டார். செவனம்மா பெரியம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "உள்ள வந்தா வந்து உக்காரு, போனா போ, நடு வாசல்ல நின்னா நான் எப்படிக் கோலம் போடுறது?" என்று அதட்டினார். அது ஓரடி தள்ளி நின்றது.

ஆனால் தண்ணீர் இல்லை. முகத்துக்கு முன்னால் அத்தனை ஈரம் நிற்க, கீழே உருளைச் செடி தலை தொங்கியது, பூண்டு நட்ட பாத்தி வெடித்தது, ஊற்றில் ஒரு குடம் நிறையப் பாதி நாள் ஆனது. வேலப்பன் தினமும் காட்டுக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

குருவப்பா மாமா சாவடியில் ஊரைக் கூட்டினார்.

"மதினிமார்களா, கோவிச்சுக்காதீங்க. உங்க முட்டிதான் இந்த ஊர் மழைக்கு வாசல். அது இப்ப அடைச்சிருக்கு. ஒரு மாசம் அந்த வத்தலை நிறுத்திப் பாருங்க. வலி ரொம்ப வேண்டாம். லேசா வந்தாப் போதும்."

"லேசான்னா எம்புட்டு கொழுந்தனாரே?" என்றார் செவனம்மா பெரியம்மா. "ஏக்கருக்கு எத்தனை முட்டின்னு சொல்லிருங்க, நாங்க பிரிச்சுக்குறோம்."

"கேலி பண்ணாதீங்க."

"இத்தனை வருஷமா எங்க எலும்புலதான் ஊருக்கே குழாய் போட்டிருக்கீங்க. அது எங்களுக்கு இப்பத்தான தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எல்லார் கண்ணும் வெளியே போனது, சாவடியிலிருந்து பார்த்தால் காய்ந்த பாத்திகள் தெரியும். அத்தைதான் முதலில் எழுந்து, "சரி, நிறுத்திருவோம்" என்றார். வீட்டுக்கு வந்து வத்தல் டின்னை மூடி பரணில் ஏற்றினார். ஸ்டூல் போடாமல் எக்கி ஏற்றினார்.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

"வலி எனக்குப் பழகினதுதான்டி. படியில உக்காந்து உக்காந்து எறங்குறதுதான் கொஞ்சம்..." என்றார்.

இரண்டு வாரம் போயிற்று. எலும்பு நன்றாக இருந்தது. குருவப்பா மாமா தினம் காலையில் வந்து, "எங்கயாவது குடையுதா மதினி?" என்று ஆசையாகக் கேட்பார். அத்தை முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போல, "நல்லாத்தான் இருக்குங்க" என்பார். செவனம்மா பெரியம்மா இரக்கப்பட்டு ஒரு நாள் தெருவில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகிப் பார்த்தார். நாலைந்து மேகங்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, நடிப்பு என்று தெரிந்து பழைய இடத்துக்கே போய்விட்டன.

அப்போதுதான் பொன்னம்பலம் அண்ணன் யோசனை சொன்னார். கோயில் வாசலில் சரளைக்கல் பரப்பி, வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை பொம்பளைகள் முட்டி போடுவது, அதற்கு மேலுமா வலிக்காமல் போகும் என்றார். அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்படவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அத்தை முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். வேலப்பன், "ஆத்தா, விழுந்த இடுப்பு அது. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா எந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். "காடு உன்னுதுடா, செடி காயுது" என்றார் அத்தை.

வியாழக்கிழமை காலை நான் காட்டுக்குப் போனபோது தாரணியைப் பிளம்ஸ் மரத்தில் தூளி கட்டிப் போட்டேன். இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்ற மரத்தில் ஒரு மேகம் கொப்புக்குக் கொப்பு சிக்கிக்கொண்டு கிடந்தது. மனசு வேறெங்கோ இருந்ததால் தூளியைக் கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டேன் போல, கொப்பு அசைந்தது, பிள்ளை முகத்தில் நாலு சொட்டு விழுந்தது. அவள் சிரித்தாள். நான் தூளியைப் பிடித்து நிறுத்திவிட்டு, கொப்பை இழுத்து உலுக்கினேன். ஒரு கை தண்ணீர் விழுந்தது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, மூச்சு முட்ட உலுக்கினேன். இன்னொரு கை விழுந்தது, அவ்வளவுதான். மரம் என்னைப் பொருட்படுத்தவில்லை.

நான் ஊர்முன்னால் பேசினவள் இல்லை. ஐந்தாவதோடு நின்றுவிட்ட படிப்பு. மாமா முறைக்காரர்கள் எதிரே வந்தால் ஓரமாக நின்று முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வேன். சொல்லியே தீர வேண்டிய சங்கதி என்றால் எங்கள் பக்கத்து மருமகள்கள் செய்கிறதைத்தான் நானும் செய்வேன், கையில் இருக்கிற பிள்ளையிடம் சொல்வேன், பெரியவர்கள் அதைக் காதில் வாங்கிப் பிள்ளைக்குப் பதில் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கோயில் வாசலில் சரளை பரப்பியிருந்தது. பத்துப் பேரும் குளித்து மஞ்சள் பூசி வந்திருந்தார்கள், மேகங்களும் வந்து சுற்றி நின்றன. அத்தை சேலையைத் தூக்கிச் செருகி, முதல் ஆளாகக் குனிந்தார்.

"தாரணி" என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். இடுப்பிலிருந்த பிள்ளை ரஸ்க்கைச் சப்பிக்கொண்டிருந்தது.

"தாரணி, அப்பத்தா முட்டி போட வேண்டாம்னு தாத்தாகிட்டச் சொல்லு."

குருவப்பா மாமா முறைப்படி பிள்ளையிடம் குனிந்து, "ஏன் பாப்பா வேண்டாமாம்? உங்கம்மாவக் கேளு" என்றார்.

"மேகம் வலியக் கேட்டு நிக்கலைன்னு சொல்லு. அது பழம் மாதிரி மரத்துல தொங்கிக்கிட்டுக் கெடக்கு. தொங்குறத உலுக்கினா விழும். நேத்து உன் மூஞ்சியில விழுந்துச்சுல்ல, அதச் சொல்லு."

"அப்ப உங்கம்மாவே உலுக்கியிருக்கலாமே பாப்பா?"

"உங்கம்மா நேத்தே உலுக்கினா. ரெண்டு கை தண்ணிதான் விழுந்துச்சு. அவ எலும்பு பத்தலை. மரம் தூரோட அதிரணும்னா உள்ளுக்குள்ள கனம் வேணும். அந்தக் கனம் இந்த ஊர்ல பத்துப் பேருகிட்டத்தான் இருக்கு. அதையும் கல்லுல போட்டு நொறுக்கிட்டா, அப்புறம் உலுக்குறதுக்கு ஆளே இல்லைன்னு தாத்தாகிட்டச் சொல்லு."

பிள்ளை ரஸ்க்கை எடுத்து மாமாவிடம் நீட்டியது.

"பாப்பா," என்றார் செவனம்மா பெரியம்மா, "உங்கம்மாவுக்கு வாய் இருக்குன்னு இத்தனை நாளா ஏன் நீ எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

ஆம்பளைகளுக்கு அது பொறுக்கவில்லை, மரம் ஏறுவது எங்கள் வேலை என்று நாலு பேர் கோயிலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மேகம் சிக்கிக் கிடந்த பிளம்ஸ் மரங்களில் ஏறினார்கள். உலுக்கினார்கள், கத்தி உலுக்கினார்கள், சேர்ந்து உலுக்கினார்கள். வேலப்பன் சட்டை கொஞ்சம் நனைந்தது. பொன்னம்பலம் அண்ணன் ஏறின கொப்பிலிருந்து இறங்கத் தெரியாமல் மேகத்துக்குள்ளிருந்து, "ஏணி, ஏணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை நிமிர்ந்தார். முட்டி போடுவதற்காகச் செருகின சேலையை அப்படியே இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு, தோட்டத்திலேயே பெரிய மரத்தைத் தேர்ந்து, ஒரு காலைக் கொப்பு பிரிகிற கவையில் வைத்தார். "அத்தை, பாத்து" என்றேன், பிள்ளையிடம் சொல்லாமல் நேராகவே. அவர் ஏறி, மேகத்துக்குள் தலை போய், தோள் போய், இடுப்பு போய், கடைசியில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. அந்த இரண்டு பாதமும் கொப்பின் மேல் ஊன்றி, ஒரு முறை அழுந்தின.

மரம் தூரோடு அதிர்ந்தது. நாங்கள் நின்ற தரை அதிர்ந்தது. முதலில் ஒரு சொட்டு, பிறகு பத்து, பிறகு கூடையைக் கவிழ்த்த மாதிரி மொத்தமும் விழுந்தது. மற்ற ஒன்பது பேரும் யாரையும் கேட்கவில்லை, ஆளுக்கு ஒரு மரத்தைப் பார்த்து ஓடினார்கள், ஐம்பது, அறுபது வயசுப் பொம்பளைகள் அணில் மாதிரி ஏறினார்கள், ஊரெல்லாம் பிளம்ஸ் மரம் ஆடியது, காட்டுக்குக் காடு மழை கொட்டியது, செவனம்மா பெரியம்மா இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து உலுக்கினதில் அந்த ஒரு மரத்திலிருந்து மட்டும் ஆலங்கட்டி விழுந்து டீக்கடைத் தகரத்தில் ஏழு ஓட்டை போட்டது.

இப்போது வெங்கலப்பாறையில் செவ்வாயும் வெள்ளியும் உலுக்குகிற நாள். யார் காட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதல் நாளே வந்து வெற்றிலை வைத்துச் சொல்ல வேண்டும். வத்தலை நிறுத்தச் சொன்ன அதே ஆம்பளைகள் இந்த வருஷம் வைகாசியில் ஒரு பழத்தைக்கூடப் பள்ளத்தில் கொட்டவில்லை, அவர்களே பிளந்து, அவர்களே காயவைத்து, "தின்னுட்டியா ஆத்தா, ஆறு தின்னியா, கேழ்வரகுக் கூழ் குடிச்சியா" என்று தாயாரின் பின்னாலேயே அலைந்தார்கள். கீழூர்க்காரர்கள் ஜீப் அனுப்பி எங்கள் பொம்பளைகளை உலுக்கக் கூட்டிப்போகிறார்கள். நாற்பது வயசுக்காரிகளும் இப்போதே ஆளுக்கு நாலு மெல்லத் தொடங்கிவிட்டார்கள். குருவப்பா மாமா கூட்டம் போட்டால், "அந்தப் பாப்பா வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

அதெல்லாம் பிறகு. அந்த முதல் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மற்ற ஒன்பது பேரும் இறங்கி, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் இறங்கவில்லை. மேகமெல்லாம் உதிர்ந்துபோய் மரம் துலக்கமாக நிற்க, அதன் உச்சிக் கவையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மலைச்சரிவு முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, ரசம் வைத்து, தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டு, திரும்பவும் வந்து மரத்தடியில் நின்று கூப்பிட்டேன்.

"அத்தை, எறங்கி வாங்க. சோறு ஆறிப்போகுது."

"ஆறட்டும்டி" என்றார் அத்தை மேலேயிருந்து. "அஞ்சு வருஷமா உக்காந்த எடத்துல சூடாத்தான தின்னேன்."